நகரத்தின் இசையை வளர்த்த பெண்களைத் தேடி எழுதுவது எப்படி: சென்னையை முன்வைத்து ஒரு வழிகாட்டி

ஒரு நகரத்தின் இசை வரலாற்றை எழுத முற்படுபவர் பெரும்பாலும் கச்சேரிகள் நடத்தும் சங்கங்களான சபாக்களிடமிருந்தே தொடங்குகிறார். சென்னை என்றால் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதெமி, அதற்கு முன்பே திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் இயங்கிய சபாக்கள், 1943இல் எழுந்த தமிழ் இசைச் சங்கம் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றின் ஆண்டறிக்கைகளிலும் மலர்களிலும் தலைவர், செயலாளர், புரவலர் என அச்சாகியிருக்கும் பெயர்கள் அநேகமாக ஆண்களுடையவை; பெண்கள் மேடையில் பாடியவர்களாக மட்டுமே தென்படுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு, பெண்கள் பாடினார்கள், ஆண்கள் வளர்த்தார்கள் என்று எழுதிவிடுவது எளிது. பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். தேடிய இடத்தின் குறையை வரலாற்றின் மேல் ஏற்றுவதால் வரும் பிழை இது. சபாக்களுக்கு முன்பும், சபாக்கள் வந்த பிறகு வெகுகாலமும், சென்னையில் இசை வாழ்ந்த முக்கியமான இடம் வீடு. அவற்றுள் குறிப்பிடத்தக்க பல வீடுகள் பெண்கள் தலைமையில் நடந்தவை. அந்த வீடுகளை எங்கே, எப்படித் தேடுவது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். சென்னையை உதாரணமாகக் கொண்டிருந்தாலும், தஞ்சாவூர், மதுரை, கும்பகோணம் என எந்த ஊருக்கும் இம்முறையைக் கையாளலாம்.

முதலில் எல்லையும் கேள்விகளும்

காலத்தையும் இடத்தையும் குறுக்கிக்கொள்ளுங்கள். சென்னைக்கு 1880 முதல் 1950 வரையிலான எழுபது ஆண்டுகளை எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். வீணை தனம்மாள் (1867–1938) இளமையில் புகழ்பெறத் தொடங்கிய காலத்திலிருந்து பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) மறையும் தறுவாய் வரை அதில் அடங்கிவிடும். அரசவை ஆதரவு தேய்ந்து, டிக்கெட் வாங்கிக் கச்சேரி கேட்கும் வழக்கம் நிலைபெற்றதும் அதே இடைவெளியில்தான். இடத்தில் ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஆகிய மூன்று பேட்டைகளே தொடக்கத்துக்குப் போதும்.

அடுத்து, யார் பாடினார் என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். யார் வீட்டில் இசை கேட்கப்பட்டது, யார் கற்றுக்கொடுத்தார், யாருடைய பணத்தில் எது கட்டப்பட்டது, அச்சில் வராத பாடாந்தரத்தை (ஒரு பாட்டைப் பாடும் வழிவழி முறையை) யார் காப்பாற்றிக் கைமாற்றினார் என்ற நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு பெயரையும் இந்த நான்கிலும் உரசிப் பார்த்தால், பாடகி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பணிகள் ஒளிந்திருந்தன என்பது தெரியவரும்.

முதலெழுத்தை அவிழ்த்துப் பார்த்தல்

காசு செலவில்லாத முதல் ஆவணம் பெயரேதான். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதலெழுத்துகளில் 'எம்' மதுரையையும், 'எஸ்' அவருடைய தாயாரும் வீணைக் கலைஞருமான சண்முகவடிவையும் குறிக்கும். எம்.எல். வசந்தகுமாரி என்பது மெட்ராஸ் லலிதாங்கி வசந்தகுமாரி. லலிதாங்கி அவருடைய தாயார், அவரும் பாடகி. நடனக் கலைஞர் டி. பாலசரசுவதி, பாடகி டி. பிருந்தா ஆகியோரின் 'டி' தஞ்சாவூர். மாறாக, டி.கே. பட்டம்மாளின் பெயரில் இருப்பவை தாமல் என்ற ஊரும் கிருஷ்ணசுவாமி என்ற தந்தையும். இந்த வேறுபாடு தற்செயலானதன்று. தாய்வழியாக வித்தையும் சொத்தும் இறங்கிய இசைவேளாளர் மற்றும் தேவதாசி மரபுக் குடும்பங்களில் முதலெழுத்து தாயைச் சுட்டியது. மற்றக் குடும்பங்களில் தந்தையைச் சுட்டியது. ஆகவே ஒரு பழைய கச்சேரி நோட்டீஸில் அறிமுகமில்லாத பெண்ணின் பெயரைக் கண்டால், முதலெழுத்தின் விரிவைத் தேடுங்கள். அது தாயின் பெயராக இருந்துவிட்டால், ஒரு தலைமுறை முந்தைய இசைக்கலைஞர் ஒருவர் உங்கள் கையில் சிக்கிவிட்டார் என்று பொருள்.

ஆண் வித்வான்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் இதே கண்ணோடு படியுங்கள். லய நுணுக்கத்துக்குப் பேர்போன காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் பின்னால், அவருடைய சிற்றன்னை பெரியன்னை வரிசையில் வரும் காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் என்ற புகழ்பெற்ற பாடகி இருக்கிறார். குருவின் பெயரை மட்டும் எழுதும் வாழ்க்கைக் குறிப்பு, வீட்டுக்குள் காதில் விழுந்துகொண்டே இருந்த சங்கீதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

வீடு என்னும் சபை

வீணை தனம்மாளின் ஜார்ஜ் டவுன் வீட்டை ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டு, ஒரு வீட்டை எப்படி ஆராய்வது என்பதைப் பார்க்கலாம். தனம்மாளின் பாட்டி காமாட்சி தஞ்சாவூர் அரசவையோடு தொடர்புடையவர். குடும்பம் பின்னர் சென்னைக்கு வந்தது. இராமகிருஷ்ண செட்டித் தெருவிலிருந்த அவருடைய வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வீணை வாசிப்பார். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. விரலில் மீட்டுக்கம்பி அணியாமல் நகத்தாலும் விரல்நுனியாலும் மீட்டும் அவருடைய நாதம் மெல்லியது. அதைக் கேட்க வேண்டுமானால் அறையில் இருந்தவர்கள் அசையாமல் இருந்தாக வேண்டும். நகரத்தின் முன்னணி வித்வான்களும், வக்கீல்களும், வணிகர்களும் அந்த அறையில் பேச்சற்று உட்கார்ந்திருந்தார்கள். கச்சேரி கேட்கும் ஒழுக்கத்தைச் சென்னைக்குக் கற்பித்த இடங்களுள் அந்தக் கூடமும் ஒன்று என்று நான் நினைக்கிறேன். இதைச் சொல்ல எந்தச் சபாவின் தீர்மானப் புத்தகமும் முன்வராது.

இப்படி ஒரு வீட்டைக் கண்டுபிடித்ததும் செய்ய வேண்டியவை உண்டு. முதலாவது, அந்த வீட்டின் வம்ச மரத்தைப் பெண்வழியாக வரையுங்கள். தனம்மாளின் மகள்கள் நால்வர்: இராஜலட்சுமி, லட்சுமிரத்னம், ஜெயம்மாள், காமாட்சி. ஜெயம்மாளின் பிள்ளைகள் பாலசரசுவதி, குழல் கலைஞர் டி. விசுவநாதன், மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதன். காமாட்சியின் மகள்கள் பிருந்தா, முக்தா, வயலின் வாசித்த அபிராமசுந்தரி. மரத்தை வரைந்த பிறகு அதிலிருந்து வெளியே செல்லும் கோடுகளையும் போடுங்கள்: யார் யாரெல்லாம் அங்கே வந்து பதம், ஜாவளி என்னும் காதற்பாடல் வகைகளைப் பாடம் செய்துகொண்டு போனார்கள் என்பதே அந்தக் கோடுகள். தெலுங்குப் பாடலாசிரியர் க்ஷேத்ரக்ஞரின் பதங்கள் இன்று கச்சேரியில் பாடப்படும் விதத்துக்கும் பிருந்தா, முக்தா சகோதரிகளின் பாடாந்தரத்துக்கும் உள்ள உறவு, தாளில் கோடு போட்டால்தான் கண்ணுக்கு விளங்கும்.

இரண்டாவது, அந்த வீட்டைப் பற்றிய கதைகளைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். தருமபுரி சுப்பராயர் தனம்மாளின் பணமுடையைத் தீர்க்க ஒரு ஜாவளி இயற்றினார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நடந்த செய்தியாகவும் எழுதிவிட வேண்டாம். 'என்று சொல்லப்படுகிறது' என்ற இரண்டு சொற்கள் உங்கள் மானத்தைக் காப்பாற்றும்.

மூன்றாவது, வீட்டின் சட்ட ஆவணங்கள். கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், உயில் ஆகியவை பதிவுத்துறையில் தேடக்கூடியவை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைகளைப் பார்க்கலாம். ஒரு பெண் தன் பெயரில் வீடு வாங்கினார், அதை அடகு வைத்தார், விற்றார் என்ற மூன்று வரிச் செய்தி, அவரைப் பற்றிய முப்பது பக்கப் புகழுரையைவிட அதிகம் சொல்லும்.

பணத்தின் தடம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனெனில் பெண்களைப் புரவலர்களாகக் காண நம் கண்கள் பழகவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் மைசூர்ப் பகுதியில் பிறந்து, இளம் வயதிலேயே சென்னைக்கு வந்து, இங்கே பாடியும், பாட்டோடு கதை சொல்லும் ஹரிகதை செய்தும் பெரும் செல்வம் சேர்த்தவர். அந்தச் செல்வம் போன இடம் திருவையாறு. பாழடைந்து கிடந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதியைச் சுற்றியிருந்த நிலத்தைப் பெற்று, கோயில் எழுப்பி, 1925இல் குடமுழுக்கு நடத்தினார். அங்கே ஆண்டுதோறும் தியாகராஜருக்கு இசை வழிபாடான ஆராதனை நடத்திய ஆண்களின் குழுக்கள் பெண்களைச் சன்னதியில் பாட அனுமதிக்காதபோது, 1920களின் பிற்பகுதியில் பெண்களைத் திரட்டித் தாமே தனியாக ஓர் ஆராதனையைத் தொடங்கினார். அதற்குப் பெண்கள் கட்சி என்றே பெயர். 1940ஐ ஒட்டிப் பிரிந்திருந்த கட்சிகள் ஒன்றான பிறகே, இன்று நாம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பார்க்கும், ஆணும் பெண்ணும் சேர்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் காட்சி சாத்தியமாயிற்று.

இவரை ஆராயும்போது மூன்று தனித்தனிக் கோப்புகள் தேவைப்படும். ஒன்று கட்டடமும் அறக்கட்டளையும்: நிலப் பத்திரம், கல்வெட்டு, உயில். இன்னொன்று பதிப்பு: தஞ்சை மராட்டியர் அவையைச் சேர்ந்த முத்துப்பழனி என்ற கவிஞரின் தெலுங்குக் காவியமான 'ராதிகா சாந்த்வனமு' நூலை, கத்தரிக்கப்படாத வடிவில் 1910இல் பதிப்பித்தவர் இவர்தான்; ஆபாசம் என்று சொல்லி அரசு அதைத் தடை செய்தது, விடுதலைக்குப் பிறகே தடை நீங்கியது. மற்றொன்று அரசியல்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்புக்கு முயன்றபோது, அதை எதிர்த்து மனுக்கொடுத்த சென்னைத் தேவதாசிகளின் தரப்பில் நாகரத்தினம்மாள் நின்றார். 1947இல் நிறைவேறிய சட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தரப்பில் ஒன்றைப் பகைவராக்கிவிடுகிறார்கள். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கம் அவர்களுக்கு இழைத்த கொடுமையும் உண்மை; அதை ஒழித்த வேகத்தில் சொத்துரிமையும் கல்வியும் கொண்டிருந்த பெண்கள் மேடையை இழந்ததும் உண்மை. இரண்டு தரப்பின் வாதங்களையும் முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

நன்கொடைப் பட்டியல்களில் இன்னொரு வகைப் பணமும் மறைந்திருக்கும். ஒரு நிதிக்காக ஒருவர் கச்சேரி செய்து தருவது பெருந்தொகைக் கொடை. ஆனால் பட்டியலில் அது சபாவின் வருமானமாகவே பதிவாகும். 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய கச்சேரிகள் இவ்வகை. ஆகவே வரவு செலவுக் கணக்கில் 'உதவிக் கச்சேரி' என்ற தலைப்பைக் கண்டால், பாடியவர் பெயரைக் கொடையாளர் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தட்டும் வானொலியும்

1902இல் கல்கத்தாவில் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் இசைத்தட்டுக்காகப் பாடியபோது, பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டு அச்சிடப்பட்ட ஜெர்மானியத் தொழிற்சாலையில் யாருடைய குரல் என்று குழம்பாதிருக்க அப்படி ஒரு வழக்கம் இருந்தது. தென்னாட்டில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றவர்களின் குரல்கள் முதல் இரு பத்தாண்டுகளிலேயே தட்டில் ஏறிவிட்டன. குலப்பெருமை பேசிய வித்வான்கள் பலர் இயந்திரத்தின் முன் பாடத் தயங்கிய நாட்களில் தேவதாசி மரபுப் பெண்கள் பாடினார்கள். அந்தத் துணிவால்தான் 1910க்கு முந்தைய கர்நாடக இசையின் ஒலி நமக்குக் கிடைத்திருக்கிறது. தாயியின் குரலில் மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாஜ் அவருடைய தட்டை வைத்தே குரலுக்கும் பியானோவுக்குமாக ஒரு படைப்பை எழுதினார். தட்டில் ஏறிய குரல் பாரிஸுக்குப் போன கதை அது.

பழைய தட்டு கையில் கிடைத்தால், நடுவிலுள்ள காகிதச் சீட்டைப் புகைப்படம் எடுங்கள். பெயர், ராகம், தட்டு எண் அதில் இருக்கும். சீட்டுக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட வழுவழுப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவின் காலத்தைக் கணிக்க அந்த எண்ணே பெரும்பாலும் உதவும். சீட்டு மறு அச்சில் மாறியிருக்கலாம்.

வானொலியைப் பொறுத்தவரை தேதிகளில் எச்சரிக்கை தேவை. டி.கே. பட்டம்மாள் 1929இல் தம் பத்தாவது வயதில் சென்னை அகில இந்திய வானொலியில் பாடினார் என்று பல இடங்களில் காணலாம். சென்னை மாநகராட்சியின் ஒலிபரப்பு தொடங்கியது 1930 ஏப்ரலில். அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது 1936இல். அதன் சென்னை நிலையம் திறந்தது 1938 ஜூன் 16 அன்று. எனவே அந்த வாக்கியத்தை அப்படியே நகலெடுக்க முடியாது. ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்யுமுன், அந்த நிறுவனம் அந்த ஆண்டில் அந்தப் பெயரோடு இருந்ததா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

பத்திரிகை சொல்லாததைப் படித்தல்

கன்னிமாரா நூலகத்திலும், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்களைப் பார்க்கலாம். கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் எழுதிய விமரிசனங்கள் சுவையானவை. ஆனால் விமரிசனத்தைவிட விளம்பரம் நம்பகமான சாட்சி. விளம்பரத்தில் பக்கவாத்தியக் காரர்களின் வரியை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று முன்னணி மிருதங்க வித்வான்கள் சிலர் இருந்த காலம் உண்டு. யார், எந்த ஆண்டில், எந்தப் பெண்ணுக்கு முதலில் வாசித்தார் என்பதை விளம்பரங்களை வரிசையாக அடுக்கியே கண்டுபிடிக்கலாம். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கத்தையே கையில் எடுத்தவர் என்பதும் இந்தப் பின்னணியில்தான் முழுப் பொருள் பெறும்.

அடைமொழிகளையும் கவனியுங்கள். ஒரே பெண் ஓர் இதழில் வெறும் பெயராகவும், சில ஆண்டுகள் கழித்து 'அம்மாள்' ஆகவும், பின்னர் 'ஸ்ரீமதி' ஆகவும் அச்சாவதைக் காணலாம். சமூகம் அவரை எப்போது ஏற்றுக்கொண்டது என்பதற்கு அதைவிடத் துல்லியமான அளவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை. அங்கீகாரம் எவ்வளவு தாமதித்தது என்பதற்கு விருதுப் பட்டியல் போதும்: அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, 1968இல் கிடைத்தது. பட்டம்மாளுக்கு 1970இலும், பாலசரசுவதிக்கு 1973இலும் வந்தது.

பாட்டு நோட்டும் பாட்டிமாரும்

மேடை ஏறாத பெண்களே தொகையில் அதிகம். ராணி மேரி கல்லூரி (1914), கலாக்ஷேத்திரம் (1936) போன்ற நிறுவனங்களில் கற்று, வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்தவர்கள், நவராத்திரிக்குக் கொலு கொலுவாகப் போய்ப் பாடியவர்கள், பாட்டு வாத்தியார் வந்த நேரத்தில் அடுப்பை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர்கள். இவர்களுடைய ஆவணம் பாட்டு நோட்டு. ஒருமுறை மயிலாப்பூரில் ஒரு மாமி பரணிலிருந்து இறக்கிக் கொடுத்த நோட்டில், முன்பக்கத்திலிருந்து கீர்த்தனைகளும் பின்பக்கத்திலிருந்து பால் கணக்கும் எழுதப்பட்டு, நடுவில் இரண்டும் முட்டிக்கொண்டிருந்தன. ஸ்வரங்கள் மையில் இருந்தன. அவற்றின் மேல் பென்சிலால் சிறு வளைவுகள் போடப்பட்டிருந்தன. அந்த வளைவு என்னவென்று கேட்டேன். "அங்கே வாத்தியார் சொன்னது ஒண்ணு, என் மாமியார் பாடினது ஒண்ணு. எனக்கு மாமியாரோடதுதான் பிடிச்சுது" என்றார். அச்சுப் புத்தகத்தில் இல்லாத பாடாந்தரம் ஒன்று பால் கணக்கோடு பரணில் கிடந்தது. நான் செய்த தவறு, கீர்த்தனைப் பக்கங்களை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்தது. பால் கணக்கில் தேதி இருந்தது. நோட்டின் காலத்தை அதுவே சொல்லியிருக்கும். நோட்டுகளை அட்டை முதல் அட்டை வரை, காலிப் பக்கம் உட்பட, படமெடுங்கள்.

நேர்காணலில் "உங்கள் இசைப் பணி என்ன" என்று கேட்டால், "நான் என்ன பண்ணேன், ஒண்ணுமில்லையே" என்ற பதிலே வரும். யாரிடம் முதல் வர்ணம் கற்றீர்கள், எந்தக் கிழமை பாடம், சம்பளம் எவ்வளவு, வீட்டில் யார் வேண்டாம் என்றார்கள், எந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று பொருள் பொருளாகக் கேளுங்கள். ஒரு பாட்டை முணுமுணுக்கச் சொன்னால் நினைவு தானாகத் திறக்கும். தேவதாசி மரபுக் குடும்பங்களில் பேசும்போது, பாட்டியின் கலையைப் பற்றிப் பெருமையாகப் பேசுபவர்கூட அவருடைய பெயர் குடும்பப் பெயரோடு சேர்ந்து வெளியாவதை விரும்பாமலிருக்கலாம். பதிவைத் தொடங்குமுன் எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்று கேட்டு, அவர்கள் முன்னிலையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது

'முதல் பெண்' என்ற தொடரைக் கூடுமானவரை தவிருங்கள். பிராமணக் குடும்பத்திலிருந்து ஹரிகதை மேடைக்கு வந்து எதிர்ப்பைத் தாங்கிய சி. சரஸ்வதி பாய், கச்சேரி மேடையில் ராகம் தானம் பல்லவி என்னும் கடினமான விரிவுப் பகுதியைப் பாடிய பட்டம்மாள் ஆகியோரைப் பற்றி எழுதும்போது, அவர்கள் எந்தச் சமூகத்தில், எந்த மேடையில், எதில் முதல்வர் என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால், அவர்களுக்கு முன் நூறாண்டுகள் பாடியவர்கள் ஒரே அடியில் இல்லாமல் போய்விடுவார்கள். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி 1935இல் அடையாறில் பரதநாட்டியம் ஆடியதைத் தொடக்கமாக எழுதுகிறவர்கள், 1931இலேயே மியூசிக் அகாதெமி, 'கல்யாணியின் மகள்கள்' என்று அறியப்பட்ட தேவதாசி மரபுச் சகோதரிகளை ஆட அழைத்ததை விட்டுவிடுவது இப்படித்தான்.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அட்டை வைத்து, அதில் ஆண்டு, தெரு, கற்றது யாரிடம், கற்பித்தது யாருக்கு, சான்று எங்கே என்ற ஐந்தை மட்டும் நிரப்புங்கள். அட்டைகளைத் தெருவாரியாக அடுக்கினால் ஒரு படம் கிடைக்கும். ஆண்டுவாரியாக அடுக்கினால் வேறொரு படம் கிடைக்கும். கட்டுரையை எதைக் கொண்டு தொடங்குவது என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம். எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு படியை நோட்டுக் கொடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். ராகத்தின் பெயரையாவது, அத்தையின் பெயரையாவது அவர்கள் அங்கேயே திருத்துவார்கள்.